சின்ன அச்சகத்துக்கு எந்த மெஷின்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சகம் வைத்திருப்பவர்களும் புதிதாக இறங்கப்போகிறவர்களும் மெஷின் வாங்கும் நேரத்தில் என்னிடம் வந்து கேட்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்து இங்கே வைக்கிறேன். விலை எதையும் எழுதவில்லை. அது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. இதில் 'ஷீட்' என்று நான் சொல்வது எஸ்ஆர்ஏ3 தாளை, அதாவது 320 × 450 மி.மீ.

கலர் காப்பியர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே அடித்துக்கொண்டு போகலாமே, புரொடக்ஷன் மெஷின் என்று தனியாக எதற்கு?

பத்து இருபது கலர் பிரதி, நோட்டீஸ், மெல்லிய தாளில் வேலை என்ற அளவில் இருந்தால் தாராளமாகப் போகலாம். முதல் தாளை மட்டும் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஐந்நூறாவது தாளை எடுத்து முதல் தாளின் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். காப்பியரில் நிறம் மெல்ல நகர்ந்திருக்கும், முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் விலகியிருக்கும்.

புரொடக்ஷன் மெஷினில் நீங்கள் காசு கொடுப்பது இந்த நிலைத்தன்மைக்குத்தான். பளபளப்பான ஆர்ட் பேப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரிய, ஃபீடரில் (தாளை உள்ளே அனுப்பும் பகுதி) காற்று ஊதும் வசதி இருக்கும். கனமான அட்டை போகும். ட்ரம், பெல்ட் (டோனர் என்ற பொடி மையைத் தாளுக்குக் கொண்டுபோகும் பாகங்கள்), ஃப்யூசர் (அதைச் சூட்டில் உருக்கி ஒட்டும் பாகம்) எல்லாம் பல மடங்கு அதிகப் பிரதிக்குத் தாங்கும். கேனன் இமேஜ்பிரஸ், கோனிகா மினோல்டா அக்யூரியோபிரஸ், ரிக்கோ புரோ, ஜெராக்ஸ் வெர்சன்ட் என்று இந்த வகையில் பல வரிசைகள் உண்டு. எல்லாமே நல்ல மெஷின்கள்தான். உங்கள் வேலைக்கு எது என்பதுதான் கேள்வி.

சரி, எந்த மெஷின் என்று முடிவெடுக்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் வேலைக் குறிப்பேட்டை. விளம்பரத் தாளை அப்புறம் பார்க்கலாம். கடந்த மூன்று மாதத்தில் வந்த ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை ஷீட், என்ன பேப்பர் எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்), ஒருபக்கமா இருபக்கமா, அச்சுக்குப் பிறகு என்ன செய்தோம். வெளியே கொடுத்து அடித்த வேலையையும், 'எங்களிடம் முடியாது' என்று திருப்பி அனுப்பிய வேலையையும் விடக் கூடாது. திருப்பி அனுப்பியதில்தான் பல நேரம் விடை இருக்கும்.

ஷீட் கணக்கு போடத் தெரியவில்லை என்பவர்களுக்கு ஒரு உதாரணம். 85 × 55 மி.மீ. விசிட்டிங் கார்டு. வெட்டும்போது வெள்ளை ஓரம் வராமலிருக்கச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக அடிப்பதைப் ப்ளீட் என்பார்கள். அதைச் சேர்த்தால் 91 × 61. ஒரு ஷீட்டில் குறுக்கே 3, நெடுக்கே 7, ஆக 21 கார்டு உட்காரும். ஆயிரம் கார்டுக்கு 48 ஷீட். இருபக்கம் என்றால் 96 முகம் (ஷீட்டின் ஒரு பக்கம் ஒரு முகம்). ஆயிரம் என்று சொல்லும்போது பெரிதாகத் தெரியும் வேலை, மெஷினுக்கு ஐம்பது ஷீட்கூட இல்லை. அதே நேரம் 160 பக்க ஏ5 புத்தகம் ஒன்றின் உள்பக்கங்களுக்கு 20 ஷீட் வேண்டும். நூறு புத்தகம் என்றால் 2,000 ஷீட். மூன்று மாதத்தை இப்படி எழுதி முடித்தவர்களில் பாதிப் பேர் நினைத்துவந்த மெஷினை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

டிஜிட்டலா ஆஃப்செட்டா? எத்தனை பிரதிக்கு மேல் போனால் ஆஃப்செட் கட்டுப்படியாகும்?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஆனால் உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆஃப்செட்டில் முதல் நல்ல தாள் வருவதற்கு முன்பே செலவு ஆகிவிடும்: நாலு பிளேட் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு அச்சுத் தகடு), நிறம் கட்டுவதற்கு ஓடும் வேஸ்ட் தாள், மெஷின் கழுவல், ஆள் நேரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. டிஜிட்டலில் பிளேட் இல்லாமல் ஃபைலிலிருந்து நேராக அடிப்பதால் தொடக்கச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் முதல் தாளுக்கும் ஆயிரமாவது தாளுக்கும் ஒரே செலவு.

தொடக்கச் செலவை, இரண்டு முறைகளின் தாள் செலவு வித்தியாசத்தால் வகுங்கள். ஆஃப்செட் தொடக்கச் செலவு 3,000 அலகு, தாளுக்கு 2 அலகு. டிஜிட்டலில் தாளுக்கு 8 அலகு என்று வைத்துக்கொண்டால் 3,000-ஐ 6-ஆல் வகுக்க, 500 தாள். அதற்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். பேப்பர் விலை இரண்டுக்கும் பொது என்பதால் கணக்கில் சேர்க்க வேண்டாம், வேஸ்ட் தாளை மட்டும் ஆஃப்செட் பக்கம் சேருங்கள். ஆஃப்செட்டை வெளியே கொடுத்து அடிப்பதாக இருந்தால் அவர்கள் கேட்கும் கட்டணத்தை வைத்தே போடுங்கள். சின்ன அச்சகம் தொடங்குகிறவர் டிஜிட்டலை உள்ளே வைத்துக்கொண்டு பெரிய எண்ணிக்கையை ஆஃப்செட்காரரிடம் கொடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆஃப்செட்டுக்குக் கை பழகிய ஆள் வேண்டும், அவர் ஒரு நாள் வரவில்லை என்றால் மெஷின் சும்மா நிற்கும்.

நிமிடத்துக்கு 60 பக்கம் என்று போட்டிருக்கிறார்கள். உண்மையில் அவ்வளவு வருமா?

வரும், ஏ4-இல், ஒருபக்கம், மெல்லிய தாளில். நீங்கள் ஓட்டப்போவது பெரும்பாலும் பெரிய ஷீட், இருபக்கம். ஏ3 அளவுக்குப் போனாலே வேகம் ஏறக்குறைய பாதி: நிமிடத்துக்கு 30 முகம். இருபக்கம் என்றால் 15 ஷீட். ஆயிரம் ஷீட்டுக்கு ஒரு மணி ஏழு நிமிடம். கனமான அட்டை போட்டால் சூடு நன்றாக ஏறி டோனர் ஒட்டுவதற்காகப் பல மெஷின்கள் வேகத்தை இன்னும் குறைக்கும். பாதியாகக் குறைந்தால் அதே ஆயிரம் ஷீட்டுக்கு இரண்டேகால் மணி நேரம்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது: '300 ஜிஎஸ்எம் அட்டையில், எஸ்ஆர்ஏ3-இல், இருபக்கம், நிமிடத்துக்கு எத்தனை ஷீட்?' இந்த ஒரு எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். 60 என்று எழுதிய மெஷினையும் 80 என்று எழுதிய மெஷினையும் இந்த எண்ணில் ஒப்பிட்டால் சில சமயம் வரிசை தலைகீழாகும்.

'மாதம் மூன்று லட்சம் பக்கம் டியூட்டி சைக்கிள்' என்கிறார்கள். எனக்கு இரண்டு லட்சம்தான் வரும். அப்படியானால் சரிதானே?

சரியில்லை. டியூட்டி சைக்கிள் என்பது ஒரு மாதத்தில் மெஷின் தாங்கக்கூடிய உச்சம். எல்லா மாதமும் ஓட்டுவதற்கான அளவு வேறு. அதைப் பரிந்துரைக்கப்பட்ட மாத அளவு என்பார்கள், உச்சத்தைவிட மிகவும் குறைவாக இருக்கும். உங்கள் சராசரி மாதம் அந்தப் பரிந்துரை அளவின் நடுவில் விழ வேண்டும், நெரிசலான மாதம் அதன் மேல் விளிம்புக்குள் அடங்க வேண்டும்.

தேவைக்கு மிகப் பெரிய மெஷினும் நல்லதல்ல. ஓடாமல் நிற்கும் மெஷினில் டெவலப்பர் (டோனரை ட்ரம்முக்குக் கொண்டுபோகும் பொடி) தரம் குறையும், நிறம் ஒருநிலையில் நிற்காது, குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

கிளிக் சார்ஜ் என்கிறார்களே, அது என்ன? ஏ3 அடித்தால் ஒன்றா இரண்டா?

மெஷின் கவுண்டர் ஒரு எண் ஏறினால் ஒரு கிளிக். அதற்கு ஒரு கட்டணம். பெரும்பாலும் டோனர், ட்ரம், பாகங்கள், சர்வீஸ் ஆள் எல்லாம் அதற்குள் அடங்கும். பேப்பர் அடங்காது. ஏ3-க்கு ஒன்றா இரண்டா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், அதனால்தான் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். மேலே சொன்ன ஆயிரம் விசிட்டிங் கார்டை எடுங்கள்: 96 முகம். ஏ3-க்கு ஒன்று என்றால் 96 கிளிக், இரண்டு என்றால் 192. 'கிளிக் ரேட் எங்களுடையதுதான் குறைவு' என்று ஒருவர் சொல்லும்போது இந்த வித்தியாசம் அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

இன்னும் சில கேள்விகள் உண்டு. ஏ3-ஐவிட நீளமான தாளுக்கு எத்தனை? கலர் மெஷினில் வெறும் கறுப்புப் பக்கம் அடித்தால் கறுப்புக் கிளிக்காக எண்ணுமா? ஜாம் ஆன தாள், நிறம் சரிபார்க்க அடித்த தாள் இவை கழிக்கப்படுமா? மாதக் குறைந்தபட்சம் எவ்வளவு? ஆண்டுக்கு எவ்வளவு ஏறும்? கறுப்பு விஷயத்தில் கவனம் தேவை. ஃபைலில் கறுப்பு எழுத்து நாலு கலரும் கலந்த கறுப்பாக இருந்தால், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் கவுண்டருக்கு அது கலர் பக்கம். 200 பக்கப் புத்தகம் ஒன்று முழுவதும் இப்படிக் கலர் கிளிக்கில் போனதை நானே மாதக் கடைசியில் கவுண்டர் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

டோனர் இத்தனை ஆயிரம் பக்கம் வரும் என்றார்கள், பாதிகூட வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அந்த எண்ணிக்கை வழக்கமாகப் பக்கத்தில் ஒவ்வொரு நிறமும் சுமார் 5 சதவீதம் மூடும் என்ற கணக்கில் சொல்லப்படுவது. கலர் டோனருக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19798 என்ற சோதனை முறையே உண்டு. ஒரு கடிதத்துக்கு 5 சதவீதம் பொருந்தும். முழுப்பக்கப் புகைப்படத்தில் ஒவ்வொரு நிறமும் 30, 40 சதவீதம் போகும்; அப்போது டோனர் ஆறில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு பக்கத்துக்குத்தான் வரும்.

இதை முந்தின கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். புகைப்பட ஆல்பம், கருமையான பின்னணி கொண்ட போஸ்டர் என்று நிறம் நிறைய மூடும் வேலை உங்களுடையது என்றால் கிளிக் ஒப்பந்தம் உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் எவ்வளவு மூடினாலும் அதே கட்டணம். மூலையில் சின்ன லோகோ, மிச்சம் எழுத்து என்ற வேலை என்றால் டோனரைத் தனியாக வாங்கிப் போடுவது மலிவாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் கணக்குப் போட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

ஷீட் அளவும் கனமும் எவ்வளவு வரை போகும் மெஷினாக இருக்க வேண்டும்?

கனத்தில் 300 ஜிஎஸ்எம் இருபக்கமும் தானாகவே அடிக்கும் மெஷின் என்றால் பொதுவான வேலை எல்லாம் அடங்கும். 'தானாகவே' என்பதை அழுத்திக் கேளுங்கள். சில மெஷின் 350 வரை போகும் என்று எழுதியிருக்கும், ஆனால் அது ஒருபக்கத்துக்கு. பின்பக்கத்துக்கு நீங்கள் தாளைத் திருப்பி மறுபடி வைக்க வேண்டும். முன்பின் பொருத்தம் அங்கேயே போய்விடும்.

அளவில் எஸ்ஆர்ஏ3-உடன் நிறுத்தாமல் 13 × 19 அங்குலம், அதாவது 330 × 483 மி.மீ., போகுமா என்று பாருங்கள். காரணம் சொல்கிறேன். ஏ5 புத்தகத்துக்கு உள்ளே மடியும் காதுகளோடு அட்டை அடிக்க வேண்டும். முன் 148, பின் 148, முதுகு 15, காது இரண்டுக்கும் எழுபது எழுபது. கூட்டினால் 451 மி.மீ., ப்ளீட் சேர்த்தால் 457. எஸ்ஆர்ஏ3-இன் நீளம் 450. ஏழு மில்லிமீட்டருக்காக வேலை கையைவிட்டுப் போகும். ஏ4 புத்தகத்துக்குக் காதுள்ள அட்டை வேண்டுமென்றால் நீளத் தாள் எடுக்கும் மெஷின்தான் வழி. சில மாடல்கள் 1,200 மி.மீ.க்கு மேலும் எடுக்கும்.

டெமோ பார்க்கப் போகிறேன். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

உங்கள் பேப்பர், உங்கள் ஃபைல், ஒரு பூதக்கண்ணாடி, ஒட்டு டேப் ஒரு சுருள். அவர்கள் வைத்திருக்கும் மாதிரிப் படத்தில் பூவும் பழமும் எல்லா மெஷினிலும் அழகாகத்தான் வரும். உங்கள் ஃபைலில் நாலு விஷயம் இருக்கட்டும்: பக்கம் முழுக்க 10 சதவீதச் சாம்பல், ஒரு முகம், கருநீலத்திலிருந்து வெள்ளைக்கு இறங்கும் நிறச்சரிவு, அடர்ந்த நிறத்தின்மேல் 5 பாயிண்ட் வெள்ளை எழுத்து. சாம்பலில் கோடும் திட்டும் தெரியும். முகத்தில் நிறம் நகர்வது தெரியும். சரிவில் படிக்கட்டு போல விழுகிறதா என்று பாருங்கள். வெள்ளை எழுத்துக்குள் நிறம் புகுந்திருந்தால் நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

நூறு ஷீட் இருபக்கமும் அடிக்கச் சொல்லுங்கள், இடையில் நிறுத்தாமல். நாலு மூலையிலும் இருபுறமும் கூட்டல் குறி இருக்க வேண்டும். 1, 50, 100-ஆம் ஷீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். முன்பக்கக் கூட்டல் குறியும் பின்பக்கக் கூட்டல் குறியும் ஒரே குறியாகத் தெரிந்தால் நல்லது. அரை மில்லிமீட்டர் விலகினால் பெரும்பாலான வேலைக்குப் பரவாயில்லை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் என்றால், அதுவும் ஒவ்வொரு ஷீட்டிலும் வெவ்வேறு திசையில் என்றால், விசிட்டிங் கார்டு ஓரத்தில் வெள்ளைக் கோடு வரத் தயாராக இருங்கள். ஒரே திசையில் ஒரே அளவு விலகல் என்றால் அதை செட்டிங்கில் சரிசெய்துவிடலாம். அலைந்துகொண்டிருக்கும் விலகலைச் சரிசெய்ய முடியாது.

அப்புறம், அடர் நிறமுள்ள அட்டை ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திச் சுரண்டுங்கள். டேப்பை ஒட்டி மெதுவாகப் பிரியுங்கள். டோனர் திட்டாக டேப்போடு வந்தால் அந்தப் பேப்பருக்குச் சூடு போதவில்லை. பேப்பர் வகையை மாற்றி அமைத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் வந்தால் உங்கள் பேப்பருக்கு அந்த மெஷின் ஒத்துவராது. கடைசியாக, மெஷினை ஓட்டுபவர் ஒரு ஜாமை எப்படி எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நாளை அதைச் செய்யப்போவது நீங்கள்.

திரையில் ஒரு நிறம், அச்சில் ஒரு நிறம். விலை உயர்ந்த ஆர்ஐபி வாங்கினால் சரியாகிவிடுமா?

முழுக்க ஆகாது. ஆர்ஐபி என்பது உங்கள் ஃபைலை மெஷின் அடிக்கும் புள்ளிகளாக மாற்றித் தருவது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் நாலு கலரில் அப்படியே வராது. அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் நேற்று அடித்த நிறமே இன்றும் வர வேண்டும் என்றால் அதற்கு வழி உண்டு: நிறம் அளக்கும் கருவி ஒன்று, தினமும் காலையில் மெஷின் சூடானதும் ஒரு காலிபிரேஷன் (நிறத்தை அளந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது), ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு புரொஃபைல் (அந்தப் பேப்பரில் நிறம் எப்படி வரும் என்ற குறிப்பு ஃபைல்). பல மெஷின்களில் அளக்கும் சென்சார் உள்ளேயே வருகிறது. இல்லாவிட்டால் வெளியே வாங்கிக்கொள்ளுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஃபியரி போன்ற தனி ஆர்ஐபி தேவையா என்றால், ஒவ்வொரு தாளிலும் பெயரும் எண்ணும் மாறும் வேலை, புத்தகப் பக்கங்களை ஷீட்டில் அடுக்குவது, ஒரு நிறுவனத்தின் லோகோ நிறத்தை எண் கொடுத்துப் பிடிப்பது இவையெல்லாம் உங்கள் குறிப்பேட்டில் அடிக்கடி இருந்தால் தேவை. ஒன்று மட்டும் கேளுங்கள்: அடோபி பிடிஎஃப் பிரின்ட் என்ஜின் உள்ளதா? 2006-இல் வந்தது அது. பிடிஎஃப்-ஐ போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பழைய அச்சு மொழிக்கு மாற்றாமல் நேராக எடுத்துக்கொள்ளும். நிழல் உள்ள எழுத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி விழும் தொல்லை வெகுவாகக் குறையும்.

வெள்ளை, தங்கம், வெள்ளி என்று ஐந்தாவது கலர் உள்ள மெஷின் வாங்கலாமா?

கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து, ஒளி ஊடுருவும் ஷீட்டில் வெள்ளைப் பின்னணி இவற்றுக்கு வேறு வழியில்லை, அழகாகவும் இருக்கும். தங்க டோனர் மட்டும் ஃபாயில் (அழுத்தி ஒட்டும் உலோகப் பளபளப்புப் படலம்) மாதிரி மின்னாது. ஃபாயிலை எதிர்பார்த்து வருபவரிடம் மாதிரி காட்டிவிடுங்கள். முன்பு சொன்ன 'திருப்பி அனுப்பிய வேலை' பட்டியலில் இது மாதம் நாலு தடவையாவது இல்லை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரைசோ, இங்க்ஜெட் இதெல்லாம் மலிவு என்கிறார்களே?

ஒரே கலரில் ஆயிரக்கணக்கில் நோட்டீஸ், வினாத்தாள் என்றால் ரைசோ மாதிரியான டூப்ளிகேட்டரை எதுவும் அசைக்க முடியாது. ஒரு மாஸ்டர் (ஸ்டென்சில் தாள்) வெட்டிவிட்டால் நிமிடத்துக்கு நூறுக்கு மேல் ஓடும், சூடு இல்லை, மின்சாரம் குறைவு. ஆனால் அந்த மை தாளுக்குள் உறிஞ்சப்பட்டுக் காய்வது. ஆர்ட் பேப்பரில் போட்டால் கையோடு வந்துவிடும். மேப்லித்தோ மாதிரி உறிஞ்சும் தாளுக்கு மட்டும் அது.

ஷீட் ஓட்டும் இங்க்ஜெட் மெஷின்களிலும் சிலவற்றுக்கு இதே கட்டுப்பாடு உண்டு. எந்தப் பேப்பரில் ஓடும் என்ற பட்டியலை முதலில் வாங்கிப் பாருங்கள்.

டிஜிட்டலில் லெட்டர்ஹெட் அடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் தன் பிரிண்டரில் போட்டதும் லோகோ கலைந்துவிட்டது என்கிறார். இது மெஷின் கோளாறா?

மெஷின் கோளாறு இல்லை, டோனரின் இயல்பு. 1938-இல் செஸ்டர் கார்ல்சன் கண்டுபிடித்த நாளிலிருந்து அடிப்படை ஒன்றுதான்: நிலைமின்னூட்டத்தால் பொடியை இழுத்துத் தாளில் வைப்பது, சூட்டில் உருக்கி ஒட்டுவது. ஒருமுறை உருகியது இன்னொரு லேசர் பிரிண்டரின் சூட்டில் மறுபடி இளகலாம். லோகோ மங்கும், உருளையில் ஒட்டி அடுத்த தாளில் நிழலாக விழும். லெட்டர்ஹெட் வேலை உங்களுக்கு நிறைய என்றால் அதை ஆஃப்செட்டுக்கு அனுப்புங்கள். மெஷின் தேர்வில் இந்த வேலையை டிஜிட்டல் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

பழைய மெஷின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பாகமும் ஆளும் கிடைக்கும் மாடலாக இருந்தால் வாங்கலாம். முதல் மெஷினாகப் பலர் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். மெஷினைப் பார்ப்பதற்கு முன்பே சர்வீஸ் செய்யும் இரண்டு பேரிடம் தனித்தனியே 'இந்த மாடலுக்கு ட்ரம், பெல்ட், ஃப்யூசர் எத்தனை நாளில் கொண்டுவர முடியும்?' என்று கேளுங்கள். இரண்டு பேருமே இழுத்தால் மெஷின் சும்மா வந்தாலும் வேண்டாம்.

பார்க்கப் போனால் மொத்தக் கவுண்டரோடு நிறுத்தாதீர்கள். பாகம் பாகமாக எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற அறிக்கையை அச்சடித்துக் கேளுங்கள். மொத்தக் கவுண்டர் மிகவும் குறைவு, ஆனால் உருளைகள் தேய்ந்து பளபளக்கின்றன, கதவு விளிம்பு கைபட்டுக் கறுத்திருக்கிறது என்றால் கவுண்டரை நம்ப வேண்டாம். ஃப்யூசரும் பெல்ட்டும் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தால் அவற்றின் விலையை மெஷின் விலையோடு கூட்டி, பிறகு புதிய மெஷினோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன டெமோ சோதனை இதற்கும் அப்படியே பொருந்தும், நூறு ஷீட்டுக்குப் பதில் முந்நூறு. நான் ஒருமுறை ஐம்பதோடு நிறுத்தினேன். சூடேறிய பிறகு, இருநூறு தாண்டியதும்தான் ஜாம் ஆகும் மெஷின் அது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்தது.

இடம், கரண்ட், ஏசி விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஃபீடரும் ஃபினிஷரும் (அடித்த தாளை அடுக்கும் பகுதி) சேர்ந்தால் 300 கிலோ தாண்டுவது சாதாரணம். வாசல் அகலம், படி, தரை எல்லாம் அளந்துகொள்ளுங்கள். மெஷினைச் சுற்றிக் கதவு திறக்கவும் ஆள் நிற்கவும் இடம் விடுங்கள். மின்சாரத்துக்குத் தனி லைன், சரியான எர்த். ஃப்யூசர் சூடாகும் நேரத்தில் இழுக்கும் கரண்ட் அதிகம்; ஏசியும் கட்டிங் மெஷினும் அதே லைனில் இருந்தால் வோல்டேஜ் இறங்கி மெஷின் பிழை காட்டும்.

ஏசி மெஷினுக்கு மட்டுமல்ல, பேப்பருக்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், வெப்பம் 20 முதல் 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால் பாதி ஜாம் குறையும். ஈரமேறிய தாள் அலையாக வளையும், நிறம் திட்டாக விழும். மிகவும் காய்ந்தால் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்த பேப்பர்க் கட்டை அப்படியே திறந்து போடாதீர்கள். உறையிலேயே சுற்றி வையுங்கள்.

கட்டிங், கிரீஸிங், பைண்டிங் மெஷினெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்தானே?

கட்டிங் மெஷின் முதல் நாளே வேண்டும். ஷீட் நேராக வெட்டப்படாவிட்டால் நல்ல மெஷின் வாங்கியதே வீண். அடுத்து கிரீஸிங், அதாவது மடிக்கும் இடத்தில் முன்பே அழுத்திக் கோடு போடுவது. டோனர் தாளுக்கு மேலே மெல்லிய படலமாக நிற்பது; அடர் நிறத்தின்மேல் மடித்தால் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். சுமார் 170 ஜிஎஸ்எம்முக்கு மேல் கிரீஸ் போடாமல் மடிக்கக் கூடாது. மடிப்பு பேப்பரின் இழை ஓடும் திசையிலேயே விழ வேண்டும். அதற்கு எந்த வாக்கில் வெட்டிய தாள் என்று பார்த்தே வாங்க வேண்டும்.

லேமினேஷனுக்கு டிஜிட்டல் அச்சுக்கென்று பசை கூடிய ஃபிலிம் தனியாக உண்டு, அதையே கேளுங்கள். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் (முதுகில் பசை போட்டு அட்டை ஒட்டுவது) அட்டையின் உள்பக்கம் முதுகுப் பகுதியை அச்சில்லாமல் வெள்ளையாக விடுங்கள். டோனர்மேல் பசை பிடிக்காது.

ஒரு பெரிய மெஷினா, இரண்டு சின்ன மெஷினா?

இரண்டு என்றால் ஒன்று நின்றாலும் கடை ஓடும். ஆனால் இரண்டிலும் ஒரே நிறம் வரவைப்பது தினசரிப் போராட்டம். எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு: கலருக்கு ஒரு நல்ல புரொடக்ஷன் மெஷின், புத்தக உள்பக்கத்துக்குத் தனியாக ஒரு கறுப்பு மெஷின். கறுப்புக் கிளிக் மலிவு, கலர் மெஷினின் ஆயுளும் மிச்சம். உங்கள் குறிப்பேட்டில் கறுப்புப் பக்கம் பாதிக்கு மேல் இருந்தால் இதை யோசியுங்கள்.

சர்வீஸ் ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

'எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்' என்பதோடு 'எத்தனை மணி நேரத்தில் மெஷின் ஓடும்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் வந்து, பார்த்து, 'பாகம் வர வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போனாலும் முதல் வரி நிறைவேறிவிடும். எந்தப் பாகங்கள் அருகிலேயே இருப்பில் இருக்கும் என்று பட்டியல் கேளுங்கள். அந்த மெஷின் வைத்திருக்கும் வேறு மூன்று அச்சகக்காரர்களிடம் பேசுங்கள். நல்ல மெஷினா என்று கேட்காமல், கடைசியாக நின்றபோது எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள்.

ஒரே வாடிக்கையாளர் மாதம் 20,000 ஷீட், இருபக்கம், தருகிறேன் என்கிறார். அதை நம்பிப் பெரிய மெஷின் எடுக்கலாமா?

முதலில் நேரக் கணக்கு. மேலே பார்த்த நிமிடத்துக்கு 15 ஷீட் வேகத்திலேயே 20,000 ஷீட் 1,333 நிமிடம், அதாவது 22 மணி நேரத்துக்குச் சற்று மேல். பேப்பர் நிரப்புவது, ஜாம், நிறம் பார்ப்பது எல்லாம் சேர்த்து 30 மணி என்று வையுங்கள். நாலு வேலை நாள். இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம், கைவசம் இருப்பதன் பரிந்துரை அளவு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். அந்த 40,000 முகத்தை ஏ3-க்கு இரண்டு என்று எண்ணினால் 80,000 கிளிக் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரும்பாலும் இடிக்கும் இடம் வெட்டுவதும் மடிப்பதும் கட்டுவதும்தான். 20,000 ஷீட்டை மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்க உங்களிடம் இரண்டு கை மட்டும் இருந்தால், வாங்க வேண்டியது மடிக்கும் மெஷின். முதல் மூன்று மாதம் நெரிசலை இன்னொரு அச்சகத்தில் கொடுத்துச் சமாளியுங்கள், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மாதமும் உண்மையில் எத்தனை ஷீட் வந்தது என்று குறிப்பேட்டில் ஏற்றுங்கள். சொன்ன எண்ணும் வந்த எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது மெஷின்காரரைக் கூப்பிடலாம்.